இறகு வீட்டுப் பிள்ளையும் வால் வீட்டுப் பிள்ளையும்

ஜியாமெட்ரி பாக்ஸ் எனப்படும் தகரப் பெட்டியைத் திறந்தால் காம்பஸ் ஒரு பக்கம் காலை விரித்துப் படுத்திருக்கும். மூலைமட்டங்கள் இரண்டும் வாங்கிய நாளின் மினுமினுப்பு குறையாமல் ஒதுங்கிக் கிடக்கும். நடுவில், தலைமாடு கால்மாடாக, ஒரு பேனாவும் ஒரு பென்சிலும். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே தொழில். பெயரும் பெ, பே என்று ஒரே வரிசையில். நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் இப்படி இருவர் இருந்தால் யாரும் விசாரிக்கக்கூட மாட்டார்கள். அண்ணன் தம்பி என்று ரேஷன் கார்டில் ஏற்றிவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'பென்', 'பென்சில்' என்று சொல்லிப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தம்பி பெயருக்குள் அண்ணன் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்த உறவு மெய்தானா, அல்லது இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கும் வெவ்வேறு குடித்தனக்காரர்களா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கென இவ்வாய்வாளர் எந்த நிதியுதவியும் பெறவில்லை. தருவதாக யாரும் சொல்லவும் இல்லை. ஆய்வுக் கருவிகள்: சில அகராதிகள், மூடி தொலைந்த நான்கு பேனாக்கள், இரண்டு முனையும் சீவப்பட்ட ஒரு பென்சில். இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கப்பட்டது. உறவுமுறை தெரியாமல் இருவரை ஒரே பெட்டிக்குள் பூட்டிவைப்பது நம் பண்பாட்டுக்குப் பொருந்துமா என்று திருப்பிக் கேட்டதும் அக்கேள்வி சமையலறைக்குத் திரும்பிச் சென்றது.

முதலில் முன்னோர் ஆய்வு. இத்துறையில் இதுவரை வலுவாக நிலைபெற்றிருப்பது நான்காம் வகுப்பு மாணவர்கள் முன்வைத்த 'குட்டிப் பேனாக் கொள்கை' ஒன்றுதான். அதன் பின்னணி அனைவரும் அறிந்தது. எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு முடியும் வரை பென்சில்தான். ஐந்தாம் வகுப்பில் பேனா. காதுகுத்துக்கும் மீசைக்கும் நடுவே வரும் ஒரே சடங்கு அது. முதல் வாரமே சட்டைப் பையில் நீலக் கறையோடு வீட்டுக்குப் போய் அடிவாங்கியவன் பெரிய மனிதன். ஆகவே, இன்று பென்சிலாக இருப்பது நாளை பேனாவாகும். பென்சில் என்பது பேனாவின் பிள்ளைப்பருவம் என்பது கொள்கையின் சாரம். ஆனால் களஆய்வு இதற்கு இடம்கொடுக்கவில்லை. பென்சில் வயது ஏற ஏறக் குட்டையாகிறது. கடைசியில் விரலுக்குப் பிடிபடாத துண்டாகி, பழைய பேனா மூடிக்குள் செருகப்பட்டு முதுமையைக் கழிக்கிறது. வளர வளரக் குறுகும் ஒன்று வளர்ந்து இன்னொன்றாகும் என்பது இயற்கை விதிக்குப் புறம்பு.

இக்கொள்கைக்கு ஒரு மொழியியல் கிளையும் உண்டு. தமிழில் 'சில்' என்றால் சிறியது, துண்டு. சில்லறை, சில்லுண்டி, தேங்காய்ச் சில்லு எல்லாம் அந்தக் குடும்பம். எனவே பென் கூட்டல் சில், 'பேனாச் சில்லு'. கேட்கும்போது மேசையைத் தட்டிக் கைதட்டத் தோன்றும். இவ்வாய்வாளரும் ஒரு பிற்பகல் முழுவதும் இதை நம்பினார். பிறகு லத்தீன் அகராதியைப் பிரித்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பென்சிலின் வால்பகுதி உண்மையிலேயே சிறுமைப்பொருள் தரும் விகுதியிலிருந்து வந்ததுதான். அது குட்டிதான், சந்தேகமில்லை. எதன் குட்டி என்பதில்தான் பிள்ளைகள் ஏமாந்துவிட்டார்கள்.

அதற்கு முன் பேனாவின் பூர்வீகம்.

லத்தீனில் 'பென்னா' என்றால் இறகு. வாத்தின் இறக்கையிலிருந்து நீண்ட இறகைப் பிடுங்கி, சூட்டில் இறுக்கி, முனையைச் சாய்வாகச் சீவிப் பிளந்து, மையில் தோய்த்து ஐரோப்பியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எழுதினார்கள். வலக்கைக்காரர்கள் இடது இறக்கையின் இறகை விரும்பினார்கள். அது கண்ணை மறைக்காமல் வெளிப்புறமாக வளையும். முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் ஆங்கிலத்தில் இன்றும் 'பென்நைஃப்'. இறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பென்' ஆயிற்று. ஐரோப்பாவில் இறகால் எழுதுவதைத் தெளிவாகக் குறிப்பிடும் மிகப் பழைய ஆசிரியர்களில் ஒருவர் செவில் நகரத்து ஆயர் இசிடோர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர். சொற்களின் பிறப்பு பற்றி 20 பகுதிகளில் ஒரு மாபெரும் நூல் எழுதினார். பேனா முனை ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதற்கு, பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும்தான் அந்த இரண்டு என்று விளக்கம் சொன்னார். மை இறங்குவதற்காக என்று ஒரு சாதாரண ஆள் சொல்லியிருப்பான். இவ்வாய்வாளர் இசிடோரைத் தம் குலகுருவாக ஏற்கிறார்.

'பென்னா'வை இன்னும் தோண்டினால் மொழியியலாளர்கள் 'பெத்' என்று ஊகித்துக் கட்டிய ஒரு பழைய வேர் தட்டுப்படும். பறத்தல், பாய்தல் என்பது பொருள். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசியதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியின் பயன் இது. அந்த வேரின் ஆங்கில வாரிசு 'ஃபெதர்'. அதாவது ஆங்கிலத்தில் இறகும் பேனாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் வீட்டிலேயே வளர்ந்தவர், மற்றவர் பிரான்சில் படித்துத் திரும்பியவர். கிரேக்க வாரிசு 'ப்டெரோன்', இறக்கை. ஹெலிகாப்டரின் கடைசித் துண்டு அதுதான். ஹெலி தனி, காப்டர் தனி என்று பிரிப்பது நம் பிழை. ஹெலிகோ என்னும் சுருளும் ப்டெர் என்னும் இறக்கையும் சேர்ந்த கூட்டு அது. சமஸ்கிருத வாரிசு நமக்கு நெருக்கமானவர்: 'பத்ர'. இறகு, இலை இரண்டுக்கும் அந்தப் பெயர். இலையில் எழுதியதால் எழுதப்பட்டதற்கும் அதே பெயர் வந்தது. வில்வபத்திரம், வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, நீங்கள் படிக்கும் வாரப் பத்திரிகை எல்லாம் அந்த வழி வந்தவையே. ஆக, பத்திரிகைக்காரர் கையில் பேனா இருப்பது தற்செயல் அல்ல. பங்காளிகள் இருவரும் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு மேசையில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பத்திரத்தைப் பத்திரமா வை" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்திலுள்ள இரண்டு பத்திரங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதலாவது 'பத்ர', இரண்டாவது நலம், மங்கலம் என்று பொருள்படும் 'பத்ர', அங்கே முதலெழுத்துக்கு அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டது. ஒரே சட்டை போட்டவர்களெல்லாம் அண்ணன் தம்பி அல்ல என்பது நம் ஆய்வுக்கு மிக அவசியமான பாடம். அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே வாக்கியத்தில் குடும்பம் நடத்துகிறார்களே என்று மயங்கக் கூடாது.

தமிழில் பேனா வந்த வழி இன்னும் சுவையானது. அது ஆங்கிலக் கப்பலில் வரவில்லை. போர்ச்சுகீசியரின் 'பேனா'வாக, மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவற்றோடு ஒரே மூட்டையில் வந்து இறங்கியது. எழுதுபவனின் அறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தாற்போல. யாழ்ப்பாணத்தில் அது 'பேனை' ஆயிற்று. பென்சில் மட்டும் ஏன் போர்ச்சுகீசியரிடமிருந்து வரவில்லை? வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். பென்சிலின் உள்ளே இருக்கும் கருப்புப் பொருள் இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டதோ 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு மேல். அண்ணனைக் கொண்டுவந்த கப்பல் புறப்பட்டபோது தம்பி பிறக்கவே இல்லை. பின்னால் போர்ச்சுகீசியரே பென்சிலுக்குக் கல் என்னும் பொருளில் 'லாப்பிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அது மட்டுமா, தாங்கள் நமக்குக் கொடுத்த பேனாவையும் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இன்று லிஸ்பனில் எழுதுகோலுக்குப் பெயர் 'கனேட்டா'. 'பேனா' என்றால் அங்கே இறகு; அதே ஒலியில் வேறொரு சொல்லும் உண்டு, அதற்குத் துயரம், ஐயோ பாவம் என்று பொருள். இரண்டும் வேறுவேறு வேர். இருந்தாலும், கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து வறண்டுபோகும் பேனாவை உதறுகிற எவரும் அந்த இரண்டாவது பொருளை உணர்ந்தே இருப்பார்.

தனித்தமிழ் அன்பர்கள் பேனாவை வெளியேற்றிவிட்டுத் 'தூவல்' என்று வைத்தார்கள். தூவல் என்றாலும் இறகுதான். முன்வாசல் வழியே துரத்திய வாத்து கொல்லைப்புறமாக வந்து அதே திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. இதில் நகைக்க ஒன்றுமில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு இறகோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. எழுத்தாணி இரும்பு, ஓலை மரம், பறவைக்கு அங்கே வேலையே இல்லை. ஆயினும் பெயர் வைக்கும்போது இறகுதான் வந்து நின்றது. பறவை போன பிறகும் அதன் பெயர் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் பட்டறைகள் கோடிக்கணக்கில் எஃகு முனைகளை அடித்துத் தள்ளியபோதும் அதற்கு 'நிப்' என்று பேர் வைத்தார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் பறவையின் அலகு. இறகு போய் மூக்கு வந்தது. தமிழன் மட்டும் அதைப் பார்த்து 'முள்' என்றான். பேனா முள் உடைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது அந்தப் பறவை ஒருவழியாக மீனாகிவிடுகிறது.

இனி பென்சில். இந்த இடத்தில் ஆய்வாளர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். சிறு பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புவது நலம்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ தம் நண்பர் பேட்டஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சொல்லை வாயில் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதே கடிதத்தின் பொருள். அதில் ஒரு சொல்லைக் குறித்து அவர் சொல்வது இது: நம் முன்னோர் வாலை அச்சொல்லால் அழைத்தார்கள், தூரிகைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான், இன்றோ அது கெட்ட வார்த்தையாகிவிட்டது. அச்சொல் இன்றும் ஆங்கில மருத்துவப் புத்தகங்களில் ஆண் உடற்கூறு பற்றிய பக்கத்தில் இருக்கிறது. இவ்வாய்வாளர் அதை எழுதப்போவதில்லை. இனி 'வால்' என்றே குறிக்கப்படும். பரீட்சை ஹாலில் பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

லத்தீனில் அந்த வாலோடு சிறுமை விகுதி சேர்ந்து 'பெனிக்குலுஸ்' ஆயிற்று: குட்டி வால், துடைக்கும் தூரிகை. அதோடு மீண்டும் ஒரு சிறுமை விகுதி சேர்ந்து 'பெனிசில்லுஸ்': குட்டிக் குட்டி வால், ஓவியனின் மெல்லிய தூரிகை. விலங்கு மயிரைக் கட்டி வைத்தால் வால்போல் இருக்கும் என்பது தவிர இதில் வேறு மர்மமில்லை. பிளாட்டஸ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் பெனிக்குலுஸ் என்றே ஒரு பாத்திரம் வருகிறான். ஓசிச் சாப்பாட்டுக்காரன். பந்தியில் உட்கார்ந்தால் தூரிகைபோல் மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிடுவானாம், அதனால் அந்தப் பட்டப்பெயர். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரட்டையர்களை ஊரே மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வதுதான் அந்த நாடகத்தின் கதை. ஷேக்ஸ்பியர் பின்னால் எடுத்தாண்டது. உருவ ஒற்றுமையால் வரும் வீண் குழப்பத்தைப் பற்றிய ஒரு நாடகத்தில் பென்சிலின் பாட்டனார் வேடம் கட்டியிருக்கிறார் என்பது இவ்வாய்வுக்குக் கிடைத்த எதிர்பாராத கொடை.

அந்தத் தூரிகை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பல நூற்றாண்டுகள் தூரிகையாகவே இருந்தது. பழைய ஆங்கில நூல்களில் ஓவியர் கையில் பென்சில் இருந்தால் அவர் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று கொள்க. நம் பென்சில் அந்தப் பெயரைப் பின்னால் வந்து பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் வடமேற்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் கெட்டியான கருப்புக் கனிமம் ஒன்று கிடைத்தது. ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட இடையர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. 1565இல் கான்ராட் கெஸ்னர் தம் நூலில் அதை ஒரு மரக்குழாயில் பொருத்திய எழுதுகோலின் படத்தோடு விவரித்தார். எல்லோரும் அதை ஈயம் என்று நினைத்தார்கள். 'கருப்பு ஈயம்' என்று பெயரும் வைத்தார்கள். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது தேவைப்பட்டதால் சுரங்கத்துக்குக் காவல் போட்டு, திருடுவோரைத் தண்டிக்க 1752இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. பென்சில் திருடியதற்காக வகுப்பறையில் முட்டிபோட்டவர்கள் தாங்கள் எவ்வளவு சீரிய மரபில் வருகிறார்கள் என்று அறிந்துகொள்ளட்டும். அதில் ஈயமே இல்லை, வெறும் கரி என்று 1779இல் வேதியியலாளர் ஷேலே காட்டினார். பத்தாண்டு கழித்து 1789இல் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு 'கிராஃபைட்' என்று பெயரிட்டார். அப்புறம் போர் வந்தது. பிரான்சுக்கு ஆங்கிலக் கிராஃபைட் கிடைக்கவில்லை. 1795இல் நிக்கொலா ழாக் கோந்தே மட்டமான கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். களிமண் கூடினால் பென்சில் கெட்டி, குறைந்தால் மென்மை. இன்று கடையில் ஹெச்பி கேட்கிறோமே, அந்தக் கணக்குக்கு அடிப்படை அதுதான். சட்டியும் பானையும் சுடுகிற தொழிலும் பென்சில் செய்கிற தொழிலும் அண்ணன் தம்பி. பேனா அங்கே யாரோ.

ஆக மொத்தம், ஈயம் இல்லாத ஈயக்குச்சிக்கு, மயிர் இல்லாத தூரிகையின் பெயர், அதுவும் வாலில்லாத ஒரு வாலின் பெயர். இதைத்தான் ஐந்து ரூபாய்க்கு வாங்குகிறோம்.

பென்சிலுக்கு உண்மையான உடன்பிறப்பு ஒருவர் இருக்கிறார், வேறு ஊரில், பெரிய உத்தியோகத்தில். 1928இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது ஒரு தட்டில் பூஞ்சை பிடித்து, அதைச் சுற்றியிருந்த கிருமிகள் செத்துக் கிடந்தன. அந்தப் பூஞ்சையின் பெயர் பெனிசிலியம். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் காம்புகள் தூரிகைபோல் பிரிந்திருக்கும். ஆகவே அதே குட்டிக் குட்டி வால். அதிலிருந்து பென்சிலின். ஆங்கில எழுத்தில் இந்த உறவு எளிதில் கண்ணுக்குப் படாது. தமிழில்தான் பளிச்சென்று தெரிகிறது: பென்சில், பென்சிலின். இடையில் 'இன்' மட்டும். நன்னூலார் 'இன்' என்பதை ஐந்தாம் வேற்றுமை உருபாகச் சொல்லி, அதன் பொருள்களில் முதலாவதாக நீங்கலை வைக்கிறார்: ஒன்றிலிருந்து பிரிந்து வருதல். பென்சிலின் என்றால் பென்சிலிலிருந்து வந்தது! ஐரோப்பியர் இரண்டாயிரம் ஆண்டு லத்தீனைப் புரட்டிக் கண்டுபிடித்ததைத் தமிழ் இலக்கணம் ஓர் உருபில் முடித்துவிட்டது. இது தற்செயல் என்று சொல்பவர்களுக்கு இலக்கணப் பற்று போதாது. (தற்செயல்தான்.)

தற்செயல் என்று வந்துவிட்டதால் எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் பெண் அன்னத்துக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு. ஆண் அன்னம் 'காப்'. பெண் அன்னம் 'பென்'. ஆம், பென். எழுதுகிற பென்னோடு அதற்குத் தொடர்பு காட்ட முடியாமல் அகராதிகள் மூலம் அறியப்படாதது என்று கைவிரிக்கின்றன. பெண் அன்னம், பென்! இதைவிட ஒரு தமிழ்மகனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு சுழி மூன்று சுழி வித்தியாசம்தானே, அதைக் கடல் உப்பு தின்றிருக்கும் என்று இவ்வாய்வாளர் ஒரு தனிக் கட்டுரைக்குத் தலைப்பே எழுதி வைத்துவிட்டார். அதைக் கிழிக்க வைத்தது ஒரு நாய். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதை ஆய்வு செய்த ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன், நாய்க்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். வந்த பதில் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அந்த மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களால் பழைய சொல் ஒன்று தேய்ந்து தேய்ந்து அந்த வடிவத்தில் வந்து நின்றிருக்கிறது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தின் 'பேட்'டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒலி ஒன்றாயிருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. மாறாத ஒழுங்கில் ஒலி வேறுபட்டிருப்பதுதான் சாட்சி. பென்னும் ஃபெதரும் பத்திரிகையும் கேட்க வெவ்வேறாக இருப்பதே அவை உறவு என்பதற்கு அடையாளம். பென்னும் பென்சிலும் ஒன்றுபோல் ஒலிப்பதுதான் முதலிலேயே நம்மை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். அதிகமாகக் கட்டித்தழுவும் உறவினரைக் கல்யாண மண்டபத்தில் நாம் சந்தேகிப்பதில்லையா?

ஆடுமாடு அடைக்கும் பட்டிக்கும் ஆங்கிலத்தில் 'பென்' என்றுதான் பெயர். அது வேறொரு பென். அதற்குள் நுழையப்போவதில்லை.

எனவே முடிவு உறுதியாகிறது: பேனா இறகு வீட்டுப் பிள்ளை, பென்சில் வால் வீட்டுப் பிள்ளை. பங்காளிகள் அல்ல, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட எந்தக் கணக்கிலும் சேராது. இங்கே தமிழ் உறவுமுறையை அறிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பங்காளி இல்லை என்றால் முறை தடுக்கவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். அப்படியானால் ஜாதகத்தைப் பார்த்துவிடலாமே என்று பென்சில் தரப்பை விசாரித்ததில் ஒரு பழைய விவகாரம் வெளிவந்தது. பென்சிலுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருக்கிறது.

மணமகள் ரப்பர். 1770 வாக்கில் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை அழிக்க உகந்த ஒரு பொருள் லண்டனில் எட்வர்ட் நெய்ர்ன் என்பவரிடம் கிடைப்பதாக எழுதினார். அதுவரை ரொட்டித் துண்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்க்கும் பொருள் என்பதால் 'ரப்பர்'. கன்னியாகுமரி மாவட்டத்தில் மலைச்சரிவு முழுக்கப் பால் வடிக்கும் அத்தனை மரங்களும் பென்சில் பிழையைத் தேய்க்கும் வேலையால் பேர் வாங்கியவை என்பதை அவற்றிடம் யாரும் சொல்ல வேண்டாம். 1858இல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஹைமன் லிப்மன் பென்சிலின் ஒரு முனையிலேயே ரப்பரைக் குடிவைத்துக் காப்புரிமை வாங்கினார். அதைப் பெருந்தொகைக்கு வாங்கிய ரெக்கன்டார்ஃபர், ஃபேபர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 1875இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சேர்த்து ஒட்டிவைத்திருந்தாலும் பென்சில் எழுதும் வேலையைப் பார்க்கிறது, ரப்பர் அழிக்கும் வேலையைப் பார்க்கிறது, இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றையும் உண்டாக்கவில்லை, ஆகவே இது கண்டுபிடிப்பு அல்ல. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது தாம்பத்தியம் ஆகாது என்று இவ்வளவு தெளிவாக எந்தக் குடும்ப நீதிமன்றமும் சொன்னதில்லை. அவர்கள் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

நீதிமன்றம் கேட்டது புதிதாக ஏதேனும் உண்டாக வேண்டும் என்று. பேனா–பென்சில் சம்பந்தத்தில் அப்படி உண்டானதற்குச் சான்று உண்டா? உண்டு. அகராதிகளில் இல்லை, எங்கள் நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டில்.

மயிலிறகை நோட்டுக்குள் வைத்தால் குட்டி போடும் என்பது அன்றைய அறிவியலின் ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. அதற்குத் தீனி பென்சில் சீவல். பென்சிலைச் சீவும்போது வளையம் வளையமாக விழும் சீவலைக் கீழே போடாமல் பக்கத்துக்குள் தூவி மூடிவிட வேண்டும். வெயில் படக் கூடாது. அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. இதே சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்று இன்னொரு பிரிவினர் வாதிட்டார்கள். அது பழைய கல்யாணத்துக்கு ஆதரவான கோஷ்டி என்று இப்போது புரிகிறது.

இந்த மயிலிறகு இருக்கிறதே, அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அது இறகு, ஆகவே பேனா வீட்டைச் சேர்ந்தது. ஆனால் மயிலின் உடம்பில் அது இருக்குமிடம் வால் பக்கம். பறவையியலாளர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள். மயில் விரித்து ஆடும் அந்தத் தோகை வால் அல்ல, வாலின் மேற்புறம் மூடி வளரும் இறகுகள். மெய்யான வால் பின்னால் நின்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்பார்கள். வாலின் மேல் முளைத்த இறகு! லத்தீன் இரண்டு வேர்களாகப் பிரித்து வைத்ததைத் தமிழ் 'தோகை' என்ற ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது; தோகை என்றால் மயிலின் இறகும்தான், வாலும்தான். இலக்கியத் தமிழில் தோகை என்றால் பெண்ணும்கூட. கிழித்துப்போட்ட அன்னக் கட்டுரையை நினைத்து இவ்வாய்வாளருக்கு ஒரு கணம் நெஞ்சு அடைத்தது.

நோட்டின் 37ஆம் பக்கத்தில், வகுத்தல் கணக்குகளுக்கு மேல், மயிலிறகு வைக்கப்பட்டது. இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் பென்சில்களைத் தேவைக்கு அதிகமாகச் சீவித் தீனி தந்தார்கள். அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் முழு நீளப் பென்சில் யாரிடமும் இல்லை. அரைப் பரீட்சை விடுமுறை முடிந்து வந்து திறந்தபோது சீவல்களுக்கு நடுவே, தாயிறகிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, பச்சையும் பொன்னுமாக ஒற்றை மெல்லிய இழை கிடந்தது. குட்டி என்று பதிவு செய்தோம். அது தானே உதிர்ந்த இழை, குட்டி அல்ல என்று கடைசி பெஞ்சிலிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது. நியாயமான ஆட்சேபணை என்பதால் தேதியோடு அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டோம், பென்சிலால். பேனா எடுக்க எங்களுக்கு இன்னும் அரை வருஷம் இருந்தது.